ஃபாரெக்ஸில் கை வைப்பதற்கு முன்: புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரியில் யூரோ விலையை விசாரிக்காத தெரு குறைவு. சொல்தா பென்ஷன் (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களுக்கான பென்ஷன்) வாங்கும் குடும்பங்கள், ஜூலை ஆகஸ்ட்டில் பிரான்சிலிருந்து வந்து இறங்கும் சொந்தங்கள், ஆரோவில் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் என்று பலருக்கும் அது வீட்டுக் கணக்கு. கடலூர் மாவட்டத்துக்குள் வந்தால் பண்ருட்டி முந்திரி வியாபாரி டாலரில் கொள்முதல் பேசுகிறார். பரங்கிப்பேட்டை, லால்பேட்டைப் பக்கம் திர்ஹமும் ரியாலும் அடுப்பங்கரை வரை பழகிய சொற்கள். இப்படிப்பட்ட ஊர்களில் 'வீட்டிலிருந்தே டாலர், யூரோ டிரேடிங், தினம் இரண்டாயிரம் நிச்சயம்' என்று ஒரு ரீல்ஸ் வந்தால் ஆள் நின்று பார்க்கத்தான் செய்வார்.

கணக்கு வழக்கு பார்க்கும் வேலையில் இருப்பதால் என்னிடமும் இந்தக் கேள்வி வருகிறது: 'எந்த ஆப் நல்லது, எவ்வளவு போட்டு ஆரம்பிக்கலாம்?' வரிசையை மாற்றித்தான் நான் பதில் சொல்வேன். முதலில் சட்டம். அப்புறம், இது உங்களுக்கு எதற்கு என்பது. அப்புறம் விலையைப் படிக்கும் பழக்கம். பணம் போடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான், அதுவும் எல்லோருக்கும் இல்லை.

முதல் படி: எது அனுமதி, எது இல்லை

ஃபாரெக்ஸ் என்கிற அந்நியச் செலாவணியைக் கட்டுப்படுத்துவது 1999-ஆம் ஆண்டின் ஃபெமா சட்டம். வெளிநாட்டுப் பணத்தை ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தவர்களிடம் மட்டும், சட்டம் ஏற்கும் காரணங்களுக்காக மட்டும் வாங்கலாம், விற்கலாம். ஆன்லைனில் செய்வதென்றால் ரிசர்வ் வங்கி அங்கீகரித்த மின்னணுத் தளம் வேண்டும், இல்லையென்றால் என்எஸ்இ, பிஎஸ்இ போன்ற அங்கீகாரம் பெற்ற சந்தை வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இங்கே ஒரு தனிக் குறிப்பு. 'எனக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட், இந்தியச் சட்டம் எனக்கு எதற்கு' என்று சிலர் நினைக்கிறார்கள். ஃபெமா பொதுவாகப் பார்ப்பது பாஸ்போர்ட்டை அல்ல, நீங்கள் எங்கே, எதற்காகக் குடியிருக்கிறீர்கள் என்பதை. வருஷம் முழுக்க முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ இருந்துகொண்டு, 'நான் பிரெஞ்சுக் குடிமகன், எந்த வெளிநாட்டு ஆப்பிலும் டிரேட் செய்யலாம்' என்று சொன்னால் செல்லாது.

நம் சந்தைகளில் கரன்சி வணிகம் 2008 ஆகஸ்ட் 29 அன்று என்எஸ்இ-யில் டாலர்-ரூபாய் ஃபியூச்சர்ஸோடு (பின்னால் வரும் ஒரு தேதிக்கு இன்றே விலை பேசி வைக்கும் ஒப்பந்தம்) தொடங்கியது. யூரோ, பவுண்டு, யென் ஆகியவை 2010-இல் சேர்ந்தன. பல ஆண்டுகள் சாதாரண ஆட்களும் ஆயிரம் டாலர் லாட்டாக (லாட் என்பது ஒரு ஒப்பந்தத்தின் அளவு) வாங்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். 2024 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதை மாற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 2024 மே 3 அன்று. ரூபாய் சம்பந்தப்பட்ட கரன்சி ஒப்பந்தத்தில் இறங்க வேண்டுமென்றால், உங்களிடம் உண்மையான, ஒப்பந்தமான வெளிநாட்டுப் பண வரவோ செலவோ இருக்க வேண்டும். 10 கோடி டாலர் வரைக்கும் ஆவணத்தை முன்கூட்டியே காட்டத் தேவையில்லை. ஆனால் காட்டத் தேவையில்லை என்பதற்கும் இருக்கத் தேவையில்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு. பழைய யூடியூப் வீடியோக்களில் பாதிக்கு மேல் இந்த மாற்றத்துக்கு முந்தையவை. '2,500 ரூபாய் மார்ஜினில் (முன்பணத்தில்) டாலர் வாங்கலாம்' என்று 2021-இல் ஒருவர் சொன்னதை வைத்து இன்று கணக்குத் திறக்காதீர்கள்.

வெளிநாட்டு ஆப்கள் விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. அனுமதி இல்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் முதன்முதலாக வெளியிட்டது. அப்போது அதில் 34 பெயர்கள். பிறகு கூடிக்கொண்டே போகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அந்தத் தளத்துக்கு அனுமதி உண்டு என்று ஆகாது என ரிசர்வ் வங்கியே சொல்லிவிட்டது. 'எங்களுக்கு சைப்ரஸ் லைசென்ஸ் இருக்கு, மொரிஷியஸ் லைசென்ஸ் இருக்கு' என்பார்கள். இருக்கட்டும், அது அந்த நாட்டுக்கு. இன்னும் சிலர், 'எல்ஆர்எஸ் திட்டத்தில் (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் திட்டம்) வருஷத்துக்கு 2,50,000 டாலர் அனுப்பலாமே, அதில் போடுங்கள்' என்று வழி சொல்வார்கள். அந்தத் தொகை படிப்பு, மருத்துவம், சுற்றுலா, வெளிநாட்டுப் பங்கு முதலீடு போன்றவற்றுக்கு. வெளிநாட்டுத் தரகருக்கு மார்ஜின் கட்ட அதில் அனுமதி இல்லை. ஃபெமாவை மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். லாபம் வந்திருந்தாலும் அபராதம் அபராதம்தான்.

இரண்டாம் படி: நீங்கள் எந்தப் பக்கம்?

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அடுத்த ஆறு மாதத்தில் உங்கள் வீட்டுக்கோ தொழிலுக்கோ வெளிநாட்டுப் பணம் வருமா, போகுமா? எவ்வளவு, எந்த மாதம், எதன் பேரில்?

தொகையும் தேதியும் காகிதத்தில் இருந்தால் அந்த அளவுக்கு உங்களுக்குக் கரன்சி ஆபத்து ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் அது உங்களைப் பாதிக்கும். பண்ருட்டி வியாபாரி ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை எடுக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றால், டாலர் ஏறும் ஒவ்வொரு பைசாவும் அவர் கையிலிருந்து போகிறது. இறால் ஏற்றுமதி செய்கிறவருக்கு நேர் எதிர்: டாலர் இறங்கினால் நஷ்டம். இவர்களுக்குச் சந்தையில் இடம் உண்டு.

'அடுத்த வருஷம் பையனை வெளிநாட்டில் படிக்க வைக்கலாமா என்று யோசிக்கிறோம்' என்பது வெறும் யோசனை. ஒப்பந்தமான செலவாக அது கணக்கில் வராது.

மூன்றாவது வகை, எந்த வரவும் செலவும் இல்லாமல் விலை ஏறி இறங்குவதில் காசு பார்க்க நினைப்பவர்கள். கேட்கிறவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். இவர்களுக்கு நான் சொல்வது: கற்றுக்கொள்ளுங்கள், காகிதத்தில் பழகுங்கள், ரூபாய் ஜோடியில் (டாலர்-ரூபாய், யூரோ-ரூபாய் போன்றவற்றில்) பணம் போடாதீர்கள். சட்டம் ஒரு காரணம், மற்றது கீழே வருகிறது. 'ரூபாய் மதிப்பு இறங்கிக்கொண்டே போகிறது, எனக்கும் கொஞ்சம் டாலரில் சேமிப்பு வேண்டும்' என்பது மட்டும்தான் நோக்கம் என்றால் அதற்கு நேர்மையான வழிகள் உண்டு. அமெரிக்கப் பங்குகளில் முதலீடு செய்யும் நம் ஊர் மியூச்சுவல் ஃபண்டுகள் ஒன்று. எல்ஆர்எஸ் வழியாக நேரடியாக வெளிநாட்டுப் பங்கு வாங்குவது இன்னொன்று. அது முதலீடு, அதன் நிதானம் வேறு.

மூன்றாம் படி: கார்டு ரேட்டைப் படிக்கப் பழகுங்கள்

இதற்கு ஆப் வேண்டாம், பத்துப் பைசா செலவில்லை. என்னைக் கேட்டால் எல்லாப் படிகளிலும் உடனே பலன் தருவது இதுதான்.

பேங்க்குகள் தினமும் காலையில் ஒரு விலைப் பட்டியல் போடுகின்றன. கார்டு ரேட் என்பார்கள். கிளையில் கேட்டால் காட்டுவார்கள், பல பேங்க்குகளின் தளத்திலும் இருக்கும். ஒரே யூரோவுக்கு அதில் நாலைந்து விலை இருப்பதைப் பார்த்தால் முதலில் தலை சுற்றும். டிடி பையிங் (இங்கே டிடி என்பது டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர், டிமாண்ட் டிராஃப்ட் அல்ல) என்பது வெளிநாட்டிலிருந்து உங்கள் கணக்குக்கு வரும் பணத்தைப் பேங்க் எடுத்துக்கொள்ளும் விலை. டிடி செல்லிங், நீங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும்போது பேங்க் கேட்கும் விலை. நோட்டாகக் கொடுத்தால், வாங்கினால் அதற்குப் பட்டியலில் தனி விலை. அது உங்களுக்கு இன்னும் கட்டுப்படியாகாது.

இப்போது அதே நாளில் எஃப்பிஐஎல் என்ற அமைப்பு வெளியிடும் ரெஃபரன்ஸ் ரேட்டை எடுங்கள். மதியம் ஒன்றரை மணி வாக்கில் டாலர், யூரோ, பவுண்டு, யென் ஆகியவற்றுக்கு வரும். சந்தையில் நடந்த விலைக்கு நெருக்கமானது அது. உங்கள் பேங்க் கொடுத்த விலைக்கும் இதற்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் கண்ணுக்குத் தெரியாமல் கட்டும் கட்டணம். உதாரணத்துக்கு, ஒரு யூரோவுக்கு ஒன்றரை ரூபாய் இடைவெளி, பென்ஷன் மாதம் 1,200 யூரோ என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,800 ரூபாய், வருஷத்துக்கு 21,600. டிரேடிங் செய்து இந்தத் தொகையைச் சம்பாதிக்க எத்தனை ராத்திரி கண்விழிக்க வேண்டும்! மேனேஜரிடம் போய், 'ரெஃபரன்ஸ் ரேட் இது, எனக்கு நீங்கள் போட்டது இது, கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்' என்று கேட்டால் பல கிளைகளில் இறங்கி வருவார்கள். மாதாமாதம் வரும் தொகை என்றால் இன்னும் சுலபம். டாலர் விஷயத்தில் 2019 ஆகஸ்ட்டிலிருந்து எஃப்எக்ஸ் ரீடெயில் என்ற தளமும் இருக்கிறது. உங்கள் பேங்க் வழியாகப் பதிந்துகொண்டால் சந்தை விலையிலேயே டாலரை வாங்கலாம், விற்கலாம். பேங்க் தன் கட்டணத்தைத் தனியாக, வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பல கிளைகளில் இந்தப் பெயரைச் சொன்னால் முழிப்பார்கள். விடாமல் கேளுங்கள்.

நாணயம் மாற்றும் தொழில் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1736-இல் ஆற்காட்டு நவாபிடம் உரிமை வாங்கி பிரெஞ்சுக் கம்பெனி புதுச்சேரியிலேயே ரூபாய் அடித்தது. வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று என்ற வழக்கம் மட்டும் அன்றிலிருந்து மாறவில்லை.

நான்காம் படி: விலை ஏன் நகர்கிறது

கரன்சிகள் ஜோடியாகத்தான் விலை பேசப்படும். யூரோ-டாலர் 1.1000 என்றால் ஒரு யூரோவுக்கு 1.10 டாலர். அதில் நாலாவது தசமம் ஒன்று நகர்வதை பிப் என்பார்கள். யென் ஜோடியில் மட்டும் இரண்டாவது தசமம். நம் சந்தையில் டாலர்-ரூபாய் கால் பைசாவாக நகரும். ஒரு லாட் 1,000 டாலர் என்பதால் ஒரு நகர்வுக்கு இரண்டரை ரூபாய். 25 பைசா நகர்ந்தால் லாட்டுக்கு 250 ரூபாய். யென் லாட் மட்டும் ஒரு லட்சம் யென், விலை 100 யென்னுக்குச் சொல்லப்படும்.

ரூபாயை இழுப்பவை எவை? நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி என்பதால் எண்ணெய் ஏறினால் டாலர் தேவை கூடும். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இங்கே பங்குகளை விற்று வெளியேறினாலும் அப்படித்தான். அமெரிக்காவில் வட்டி ஏறினால் பணம் அந்தப் பக்கம் போகும். இவற்றுக்கு நடுவே ரிசர்வ் வங்கி டாலரை விற்றும் வாங்கியும் வேகத்தை அடக்கும். அதனால் ரூபாய் பல வாரம் அசையாமல் கிடந்துவிட்டு ஒரே வாரத்தில் ஓடும். 2013 ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68 ரூபாயைத் தாண்டியபோது பார்த்தவர்களுக்கு அது நினைவிருக்கும். அதே ஆண்டு மே மாதத்தில் 55-க்குப் பக்கத்தில் இருந்த விலை அது.

செய்தி வரும் நேரங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கு பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, நம் நேரம் மாலை 6 மணி. அவர்கள் ஊர்க் குளிர்காலத்தில் 7 மணி. அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி முடிவு ஆண்டுக்கு எட்டு முறை, நம் நேரம் இரவு பதினொன்றரை அல்லது பன்னிரண்டரை. நம் சந்தையில் டாலர்-ரூபாய் வணிகம் காலை 9 முதல் மாலை 5 வரைதான். ஆக, பெரிய செய்திகள் வரும்போது நம் கடை பூட்டியிருக்கும். மறுநாள் காலை விலை எங்கே திறக்கிறதோ அங்கேதான் உங்களால் எதையும் செய்ய முடியும். இதை யோசிக்காமல் ராத்திரிக்கு ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கப் போகக்கூடாது.

ஐந்தாம் படி: நோட்டுப் புத்தகம்

டெமோ கணக்கு என்று கொடுப்பவை பெரும்பாலும் அனுமதியில்லாத நிறுவனங்கள். நம்பர் கொடுத்தால் மறுநாள் 'ரிலேஷன்ஷிப் மேனேஜர்' பேசுவார், சார் சார் என்று விடவே மாட்டார். அதனால் நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். சந்தை விலை என்எஸ்இ தளத்திலேயே இலவசமாகத் தெரிகிறது.

ஒரு பதிவு இப்படி இருக்கட்டும்: 'செவ்வாய், காலை 10.20. டாலர்-ரூபாய் 90.10. ஏறும் என்று நினைக்கிறேன். காரணம், எண்ணெய் இரண்டு நாளாக ஏற்றம், வெளிநாட்டார் விற்பனை தொடர்கிறது. நான் நினைத்தது தப்பு என்று ஒப்புக்கொள்ளும் இடம் 89.85. லாபத்தோடு வெளியேறும் இடம் 90.60. லாட் 2.' பணம் போடாவிட்டாலும் லாட்டை எழுத வேண்டும். 50,000 ரூபாய் முதலீடு என்று கற்பனையாக வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு சதவீதம், அதாவது 500 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது. 25 பைசா தள்ளி நிறுத்தம் (ஸ்டாப் லாஸ், அதாவது தப்பு என்று ஒப்புக்கொண்டு வெளியேறும் விலை) வைத்தால் லாட்டுக்கு 250 போகும், ஆகவே இரண்டு லாட். நிறுத்தம் 50 பைசா தள்ளி என்றால் ஒரே லாட். லாட்டின் எண்ணிக்கையை ஆசை முடிவு செய்யக் கூடாது, இந்த வகுத்தல் கணக்கு முடிவு செய்ய வேண்டும்.

எழுதிய வரியை அடிக்கக் கூடாது, பேனாவில் எழுதுங்கள். தரகு, வரி என்று ஒவ்வொரு பதிவிலும் ஒரு தொகையைக் கழியுங்கள். குறைந்தது மூன்று மாதம். பலருக்கு இரண்டாம் வாரமே சலித்துவிடும். சலித்தால் சந்தோஷமாக நோட்டை மூடுங்கள், செலவு நாற்பது ரூபாயோடு முடிந்தது.

மூன்று மாதக் கணக்கைப் பார்க்கும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பங்குச்சந்தையின் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவில் 2021-22 முதல் 2023-24 வரை இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்தார்கள், சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். இது பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு. அது பங்கு சார்ந்த கணக்கு, கரன்சி அல்ல. ஆனால் திரைக்கு முன்னால் உட்காரும் ஆள் அதே ஆள்தான்.

ஆறாம் படி: நிஜமான தேவை உள்ளவர்களுக்கு

பண்ருட்டி வியாபாரிக்கே வருவோம். ஒரு கண்டெய்னர் முந்திரிக்கொட்டைக்கு இரண்டு மாதம் கழித்து 20,000 டாலர் கட்ட வேண்டும். இன்றைய விலை 90.00 என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதத்து ஃபியூச்சர்ஸ் 90.40-இல் நிற்கிறது. நாற்பது பைசா ஏன் கூட? நம் வட்டி அமெரிக்க வட்டியைவிட அதிகம், அந்த இரண்டு மாத வித்தியாசம் விலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஏமாற்று எதுவும் இல்லை.

அவர் 20 லாட் வாங்குகிறார். முடிவு நாளில் ரெஃபரன்ஸ் ரேட் 92.00 என்றால் ஃபியூச்சர்ஸில் 1.60 வீதம் 32,000 ரூபாய் வரவு. பேங்க்கில் 92 கொடுத்து டாலர் வாங்குகிறார். இரண்டையும் சேர்த்தால் டாலர் அவருக்கு 90.40-க்கு விழுந்தது, பேங்க் கட்டணம் தனி. மாறாக 89.00-க்கு இறங்கினால் ஃபியூச்சர்ஸில் 28,000 ரூபாய் கைவிட்டுப் போகும், டாலர் 89-க்குக் கிடைக்கும். மறுபடி 90.40.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 28,000 போனதை மட்டும் பார்த்து, 'சும்மா இருந்திருந்தால் லாபமாச்சே' என்று அடுத்த தடவை செய்வதை நிறுத்திவிடுவார்கள். சரியாக அந்தத் தடவைதான் டாலர் ஏறும். சரக்கு எடுக்கும்போதே டாலர் 90.40 என்று கணக்குப் போட்டு விற்பனை விலை வைத்திருந்தால், அந்த 28,000 நஷ்டக் கணக்கே அல்ல.

இன்னொன்று, ஃபியூச்சர்ஸில் தினசரிக் கணக்கு முடிப்பு உண்டு. ஒரே நாளில் 30 பைசா இறங்கினால் அன்றே 6,000 ரூபாய் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தரகர் ஒப்பந்தத்தை வெட்டிவிடுவார், பாதுகாப்பும் போச்சு. சீசன் நேரத்தில் கையில் காசு முடங்கிக் கிடக்கும் சிறு வியாபாரிக்கு இது தலைவலி. அப்படிப்பட்டவர்களுக்கு நான் பேங்க்கில் ஃபார்வர்டு ஒப்பந்தம் போடத்தான் சொல்வேன். வேண்டிய தொகைக்கு, வேண்டிய தேதிக்குப் போடலாம், தினசரித் தொல்லை இல்லை. பேங்க் தன் லாபத்தை விலையில் சேர்க்கும். இரண்டு பேங்க்கில் விசாரித்தால் அது எவ்வளவு என்று தெரிந்துவிடும். மேலும் 2024-க்குப் பிறகு சந்தையில் கரன்சி ஒப்பந்தங்களின் வணிகம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. தூரத்து மாத ஒப்பந்தங்களில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலமாக இருக்கலாம்.

சந்தை வழியாகத்தான் செய்வேன் என்றால், செபியில் பதிவு பெற்ற தரகர், கரன்சி பிரிவுக்குத் தனி ஒப்புதல், கையில் கொள்முதல் ஒப்பந்தம் அல்லது இன்வாய்ஸ். 20,000 டாலர் கட்ட வேண்டியவர் 20 லாட் வாங்கலாம், 40 அல்ல. கூடுதல் இருபது சூதாட்டம், சட்டப்படியும் தப்பு. முடிவு நாளும் தெரிந்திருக்க வேண்டும்: மாதத்தின் கடைசி வேலைநாளுக்கு இரண்டு வேலைநாள் முன்னால், மதியம் 12.30-க்கே அந்த மாத ஒப்பந்தம் மூடிவிடும்.

ஏழாம் படி: லெவரேஜும் ஸ்டாப் லாஸும்

'1:500 லெவரேஜ்' என்றால் 100 டாலர் கட்டி 50,000 டாலருக்குப் பந்தயம். விலை உங்களுக்கு எதிராக 0.2 சதவீதம் நகர்ந்தால் அந்த நூறும் காலி. யூரோ-டாலர் அவ்வளவு நகர்வதற்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். ஐரோப்பாவில் 2018-இல் கட்டுப்பாட்டு அமைப்பு சாதாரண ஆட்களுக்கு முக்கிய ஜோடிகளில் 30 மடங்குக்கு மேல் கூடாது என்று நிறுத்தியது. தனிநபர் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் நஷ்டத்தில் முடிகின்றன என்பதே அவர்கள் சொன்ன காரணம். பிரான்சிலோ இப்படி அதிக லெவரேஜ் கொடுக்கும் டிரேடிங்குக்கு இணையத்தில் விளம்பரம் செய்வதையே 2016 டிசம்பரில் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பாரீசில் இருக்கும் சித்தப்பா மகனுக்குக் கிடைக்காத 500 மடங்கு, முதலியார்பேட்டையில் இருக்கும் உங்களுக்கு ஏன் வலிய வருகிறது என்று யோசியுங்கள்.

ஸ்டாப் லாஸ் போட்டால் தப்பித்துவிடலாம் என்பது பாதி உண்மை. சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக யூரோ விலை 1.20 பிராங்குக்குக் கீழே போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது. 2015 ஜனவரி 15 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் விட்டுவிட்டது. சில நிமிடங்களில் விலை ஒரு பிராங்குக்கும் கீழே விழுந்தது. 1.19-இல் நிறுத்தம் வைத்திருந்த பலருக்கு 1.19 கிடைக்கவில்லை, நடுவில் விலையே இல்லை. போட்ட பணம் போனதோடு தரகருக்குக் கடன்பட்டவர்கள் உண்டு. சில தரகு நிறுவனங்களே திவாலாயின. நிறுத்தம் வையுங்கள், ஆனால் அது சொன்ன விலையில் நிறைவேறும் என்று எழுதிக் கொடுத்த சாசனமாக நினைக்காதீர்கள்.

எட்டாம் படி: வலை எப்படி விரிக்கப்படுகிறது

டெலிகிராம் குழுவில் சேர்க்கிறார்கள். அதில் நாள் முழுக்க லாப ஸ்கிரீன்ஷாட் ஓடும், 'தேங்க்ஸ் சார், இன்னிக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டிட்டேன்' என்று ஆட்கள் எழுதுவார்கள். அவர்களில் எத்தனை பேர் நிஜ ஆட்கள் என்று யாருக்கும் தெரியாது. பத்தாயிரம் போடச் சொல்வார்கள். பணம் போகும் யூபிஐ கணக்கைக் கவனியுங்கள், ஏதோ ஒரு துணிக்கடை, மளிகைக்கடை பேரில் இருக்கும். முறையான தரகருக்குக் கட்டும் பணம் ஒருநாளும் அப்படிப் போகாது. ஒரு வாரத்தில் ஆப்பில் பதினாறாயிரம் என்று காட்டும். ஐந்தாயிரத்தை எடுக்கவும் விடுவார்கள், கணக்கில் வந்தும் விழும். நம்பிக்கை வந்ததும் நகையை அடகு வைத்து இரண்டு லட்சம். ஆப்பில் அது ஏழு லட்சம் ஆகும். எடுக்கப் போனால், 'முப்பது சதவீதம் டேக்ஸ் முதலில் கட்டுங்கள்'. கட்டினால் அடுத்து 'வெரிஃபிகேஷன் சார்ஜ்'. இந்தியாவில் எந்த வரியையும் அரசுக்குத்தான் கட்டுவோம், ஆப்புக்காரருக்கு அல்ல.

சிக்கல் அதோடு நிற்காது. எடுக்க விட்ட அந்த ஐந்தாயிரம் வேறு யாரோ ஏமாந்த பணமாக இருந்தால், வேறு மாநிலப் போலீஸ் உங்கள் சேமிப்புக் கணக்கை முடக்கிவிடும். சம்பளம், கேஸ் மானியம் எல்லாம் அதில்தான் வருகிறது என்றாலும் முடக்கம் முடக்கம்தான்.

ஓட்டல் ஹாலில் இலவசப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்களும் உண்டு. பயிற்சி கொடுப்பவருக்கு வருமானம் எங்கிருந்து என்று கேட்டுப் பாருங்கள். அவர் சேர்த்துவிட்ட ஆட்கள் செய்யும் ஒவ்வொரு லாட்டுக்கும் தரகரிடமிருந்து அவருக்குக் கமிஷன். நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் அவருக்கு வரும், நீங்கள் அடிக்கடி வாங்கி விற்றால் போதும். 'தினம் பத்து டிரேடாவது எடுங்க' என்று அவர் சொல்வதன் பொருள் அதுதான்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள்

மேற்கொண்டு ஒரு ரூபாய் கட்டாதீர்கள், எந்தப் பேரில் கேட்டாலும் சரி. குழுவிலிருந்து வெளியேறுவதற்கு முன் அரட்டை, யூபிஐ ரசீது, ஆப் திரை எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். வெளியேறிவிட்டால் அவை கிடைக்காமல் போகலாம். பிறகு 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். புதுச்சேரி, தமிழ்நாடு இரண்டுக்கும் அதே எண்தான். பணம் போன அடுத்த சில மணி நேரத்துக்குள் பேசினால் இடையில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் தெரிந்துவிடுமே என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டால் பணம் பல கணக்குகள் தாண்டியிருக்கும். அன்றே உங்கள் பேங்க்குக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்திலும் புகார் பதியலாம்.

அப்புறம் ஒரு மாதம் கழித்து, 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், வக்கீல் ஃபீஸ் மட்டும் முன்பணமாக அனுப்புங்கள்' என்று ஒரு போன் வரக்கூடும். ஏமாந்தவர்களின் எண்களைக் கையில் வைத்திருப்பவர்கள் முதலில் ஏமாற்றியவர்கள்தானே. அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.